மூண்டதா? மூட்டினரா?

தமிழ் இலக்கணம் வினைகளைத் தன்வினை என்றும் பிறவினை என்றும் பகுத்து வைத்திருக்கின்றது. திருந்தினான் என்பது தன்வினை. திருத்தினான் என்பது பிறவினை. உருண்டது தன்வினை, உருட்டினான் பிறவினை. அவ்வாறே மூண்டது என்பது தன்வினை; மூட்டினான் என்பது பிறவினை. தீ மூண்டது என்று சொன்னால், கேட்பவன் தண்ணீர்க் குடத்தைத் தேடி ஓடுவான். தீ மூட்டினான் என்று சொன்னாலோ, "எவன் மூட்டினான்?" என்று திரும்பிக் கேட்பான். சொல்லில் நிகழும் அச்சிறு மாற்றத்தில் ஒரு குற்றவாளி தப்பிப் போகின்றான். அல்லது அகப்பட்டுக் கொள்கின்றான்.

நம் பிள்ளைகள் படிக்கும் வரலாற்றுப் பாடங்களில், "1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது" என்று எழுதியிருப்பதை எடுத்துப் பாருங்கள். சிலர் "வெடித்தது" என்று எழுதுவர். சாரயேவோ நகரில் ஓர் இளைஞன் சுட்டான், அதனால் உலகம் பற்றி எரிந்தது, அவ்வளவுதான் பாடம். "போரின் உடனடிக் கரணியம் யாது?" என்பது வினா. "ஆத்திரிய இளவரசர் கொலை" என்பது விடை. ஒரு கோடிக்கு நெருங்கிய படைஞர்களின் சாவுக்கு ஒருவரி விடை! பிள்ளை மதிப்பெண் வாங்கிக்கொண்டு வீட்டிற்குப் போய்விடுகின்றான். மூட்டியவர்களும் வரலாற்றின் பின்கதவு வழியாக வெளியேறிப் போய்விடுகின்றனர்.

இப்பிழை நம் பாடநூலாரோடு நின்றுவிடவில்லை. அப்போரின் பிற்பகுதியில் ஆங்கிலேயத் தலைமையமைச்சராயிருந்த இலாயிடு சார்சு, பின்னாளில் எழுதிய நினைவு நூலில், நாடுகள் யாவும் போர் என்னும் கொதிகலத்துள் வழுக்கி விழுந்தன என்னும் பொருள்பட எழுதி வைத்தார். 2012இல் கிறித்தோபர் கிளார்க்கு என்னும் வரலாற்றாசிரியர், அற்றைத் தலைவர்களைத் தூக்கத்தில் நடந்தவர்கள் என்று தம் நூலின் தலைப்பிலேயே குறித்தார். அந்நூல் ஆழ்ந்த ஆராய்ச்சி நூல்தான். ஆயினும் அத்தலைப்பை நாம் ஏற்பதற்கில்லை. வழுக்கி விழுபவன் விழுமுன் கோரிக்கைப் பட்டியல் எழுதுவதில்லை. தூக்கத்தில் நடப்பவன் கையெழுத்திடுவதில்லை. 1914இல் நடந்தவை அனைத்தும் கையெழுத்துகள். எந்தக் கை, எந்த நாளில், எந்தத் தாளில் இட்டது என்பது வரை இன்று நமக்குத் தெரியும். தெரிந்த பின்னும் "மூண்டது" என்றே சொல்லிக்கொண்டிருப்பது அறியாமையன்று, குற்றத்திற்குத் துணைபோதல்.

முப்பத்தேழு நாள்கள்

1914 சூன் 28ஆம் நாள், ஆத்திரிய-அங்கேரியப் பேரரசின் பட்டத்திற்குரிய பிரான்சு பெர்டினாண்டும் அவர் மனைவி சோபியும் சாரயேவோவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவன் காவ்ரிலோ பிரின்சிப்பு, அகவை 19. அவனுக்கும் அவன் தோழர்க்கும் கருவி கிடைக்கச் செய்தவர்கள், செர்பியப் படை அலுவலர்கள் நடத்திய 'கறுப்புக் கை' என்னும் மறைவியக்கத்தினர். கொலை கொலைதான், அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கொலைக்கும், ஆங்கிலேயர் போரில் இறங்கிய ஆகத்து 4ஆம் நாளுக்கும் இடையில் 37 நாள்கள் கிடந்தன. அந்த 37 நாளில் ஒவ்வொரு கையும் ஒவ்வொரு சுள்ளியாக எடுத்துப் போட்டது. அவற்றை எண்ணிப் பார்ப்போம்.

சூலை 5, 6 ஆகிய நாள்களில், செருமானியப் பேரரசன் இரண்டாம் வில்லெல்மும் அவன் தலைமையமைச்சர் பெத்மான் ஒல்வெக்கும், ஆத்திரியா எதைச் செய்யினும் துணை நிற்போம் என்று உறுதி சொல்லி அனுப்பினர். வரலாற்றாசிரியர்கள் இதனைத் தொகை எழுதாத காசோலை என்பர். அந்தக் காசோலை பின்னர்க் காசாக மாற்றப்படவில்லை, உயிராகவே மாற்றப்பட்டது.

சூலை 7ஆம் நாள் வியன்னாவில் அமைச்சர் அவை கூடியது. செர்பியா ஏற்கவே முடியாதபடி கோரிக்கைகளை எழுதவேண்டும் என்னும் கருத்து அங்கே ஓங்கியது. அங்கேரியத் தலைமையமைச்சர் திசா ஒருவரே எதிர்த்து நின்றார். ஒரு கிழமை கழிந்ததும் அவரும் இணங்கினார். மறுக்கப்பட வேண்டும் என்பதற்காகவே ஒரு வேண்டுகோளை எழுதுகிறவன் தூக்கத்திலா எழுதுகின்றான்?

அவ்வோலை சூலை 23ஆம் நாள் மாலையில் கொடுக்கப்பட்டது. விடை சொல்ல 48 மணி நேரமே தரப்பட்டது. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் போயின்காரே அந்நாள்களில் உருசியத் தலைநகரில் விருந்துண்டு, இரு நாட்டுக் கூட்டுறவை மீண்டும் உறுதிப்படுத்திக் கொண்டிருந்தார். அவர் கப்பலேறும் வேளையை எதிர்பார்த்திருந்தே ஆத்திரியா ஓலையை நீட்டியது.

சூலை 25இல் செர்பியா, பெரும்பாலான கோரிக்கைகளுக்கு உடன்பட்டு மறுமொழி தந்தது. அதனைச் சூலை 28 காலையில் படித்த செருமானியப் பேரரசனே, இனிப் போருக்குக் கரணியமே இல்லை என்று தன் கையால் குறித்து வைத்தான். இதனை ஊன்றி நோக்குக! போருக்குக் கரணியம் இல்லை என்று மூட்டியவர்களுள் ஒருவனே எழுதிய அதே நாளில், 83 அகவை நிரம்பிய ஆத்திரியப் பேரரசன் பிரான்சு யோசேப்பின் பெயரால் போர் அறிவிக்கப்பட்டது. தொலைவரி வழியாக அறிவித்தனர்! மறுநாள் பெல்கிரேடு நகரின்மேல் குண்டு விழுந்தது.

அடுத்து உருசியா. மன்னன் நிக்கோலாசு முழுப்படைத் திரட்டுக்கு ஆணையிட்டான். சூலை 29 இரவு, செருமானியப் பேரரசனிடமிருந்து வந்த தொலைவரியைக் கண்டு அதனை நிறுத்தினான். மறுநாள் அமைச்சரும் படைத்தலைவரும் நெருக்கவே மீண்டும் ஆணையிட்டான். ஒருமுறை நிறுத்திய கைக்கு மறுமுறையும் நிறுத்தத் தெரியாதா?

ஆகத்து 1இல் செருமனி உருசியாமீது போர் அறிவித்தது. அன்று மாலை, பிரான்சு ஒதுங்கி நிற்கக்கூடும் என்று இலண்டனிலிருந்து வந்த ஒரு தவறான செய்தியை நம்பிய வில்லெல்ம், படை முழுவதையும் கிழக்கு நோக்கித் திருப்புமாறு சொன்னான். படைத்தலைவர் மோல்ட்கே, வண்டிகளின் நேர அட்டவணையை மாற்றுதல் இயலாது என்றார். மேற்கு நோக்கியே வண்டிகள் ஓடின. செருமானியப் படையின் தொடர்வண்டிப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த படைத்தலைவர், திருப்பியிருக்க முடியும் என்று பின்னாளில் நூலெழுதி விளக்கினார். எனவே, வண்டிகள் திரும்ப மறுக்கவில்லை, ஓட்டியவர்களே மறுத்தனர்.

ஆகத்து 3இல் பிரான்சின்மீது போர். ஆகத்து 4இல் நடுநிலை நாடாகிய பெல்சியத்திற்குள் செருமானியப் படை நுழைவு. அன்றிரவே ஆங்கிலேயரின் போர் அறிவிப்பு. 1839ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பெல்சியத்தைக் காக்கவே இறங்கினோம் என்றனர் ஆங்கிலேயர். பெல்சியத்தின்மேல் பாய்ந்தது கொடுமை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆங்கிலேயப் படைத்தலைவர்கள் 1906 தொடங்கியே பிரெஞ்சுப் படைத்தலைவர்களோடு கமுக்கமாகப் பேசித் திட்டமிட்டு வந்தனர் என்பதும், வெளியுறவு அமைச்சர் கிரே அதனைத் தம் அமைச்சரவைத் தோழர்கள் பலர்க்கும் 1911 வரை சொல்லவில்லை என்பதும் அவ்வுடன்படிக்கையில் எழுதப்பட்டவையல்ல.

போர் முடிந்தபின் 1919இல் வெர்சாய் உடன்படிக்கையின் 231ஆம் கூறு, பழி முழுவதையும் செருமனிமீதும் அதன் கூட்டாளிகள்மீதும் ஏற்றியது. 1961இல் பிரிட்சு பிசர் என்னும் செருமானிய வரலாற்றாசிரியரே தம் நாட்டின் நாடுபிடி வேட்கையை ஆவணங்களால் மெய்ப்பித்தார். அப்பழியில் பெரும்பங்கு செருமனிக்கும் ஆத்திரியாவுக்கும் உரியது. அதை எவரும் கழுவிவிட முடியாது. ஆனால் பெரும்பங்கு என்பது முழுப்பங்கு ஆகாது. "மூண்டது" என்பது எல்லாரையும் தப்பவிடும் பொய். "ஒருவனே மூட்டினான்" என்பது மற்றவரைத் தப்பவிடும் பொய். "மூட்டினர்" என்னும் பலர்பால் பிறவினையே மெய்.

வேண்டா என்றவர்கள்

"அற்றைச் சூழ்நிலை அப்படி, யாரால்தான் தடுத்திருக்க முடியும்?" என்று கேட்பார் உளர். இது கோழைகளின் கேள்வி. தடுக்க முயன்றவர்கள் இருந்தனர். அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே இக்கேள்விக்கு விடை.

பிரான்சில் பொதுவுடைமைத் தலைவர் யான் சோரே, போருக்கு எதிராகத் தொழிலாளரைத் திரட்டிப் பேசினார். சூலை 31 இரவு பாரீசு உணவகம் ஒன்றில் அவரைச் சுட்டுக் கொன்றனர். கொன்றவன் போர் முடியும்வரை சிறையில் இருந்தான். 1919இல் குற்றமற்றவன் என்று விடுவிக்கப்பட்டான். வழக்குச் செலவைச் சோரேயின் மனைவி கட்டவேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று! கணவனைக் கொன்றவனை விடுவித்த வழக்கிற்குக் கைம்பெண்ணே காசு கட்டினாள். போர்வெறி கொண்ட நாட்டின் முறைமன்றம் எப்படி இருக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இங்கிலாந்தில் மார்லி, பர்ன்சு என்னும் இரண்டு அமைச்சர்கள் போரில் இறங்க உடன்படாது பதவியை உதறினர். செருமானிய நாடாளுமன்றத்தில் ஆகத்து 4இல் பொதுவுடைமைக் கட்சியாரும் போர்க்கடனுக்குக் கை தூக்கினர். ஆனால் திசம்பர் 2ஆம் நாள் இரண்டாம் முறை கடன் கேட்டபோது, அத்தனை உறுப்பினர்க்கும் நடுவில் கார்ல் இலீப்னெக்டு ஒருவரே எதிர்த்து வாக்களித்தார். ஒருவர் எதிர்க்க முடிந்ததென்றால் நூற்றுவரும் எதிர்த்திருக்க முடியும். முடியவில்லை என்பது பொய்; துணியவில்லை என்பதே மெய்.

களங்களில் மாண்டோர்

இலைகள் உதிருமுன் வீடு திரும்பலாம் என்று வில்லெல்ம் தன் படைஞர்க்குச் சொன்னான். நான்கு முறை இலைகள் உதிர்ந்தன; ஐந்தாம் முறையும் உதிர்ந்த பின்னரே எஞ்சியோர் திரும்பினர்.

1914 ஆகத்து இறுதியில் கிழக்கே தானென்பர்க்கில் உருசியாவின் படை ஒன்று சுற்றிவளைக்கப்பட்டு அழிந்தது. அதன் தலைவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். செபுதம்பரில் மேற்கே மார்னே ஆற்றங்கரையில் செருமானியர் தடுத்து நிறுத்தப்பட்டனர். பாரீசு தப்பியது. இருபடைகளும் மண்ணைத் தோண்டிப் புகுந்தன. சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து வடகடல் வரை அகழிகள் நீண்டன. அதற்குப்பின் மூன்றரை ஆண்டு, அந்தக் கோடு சில கல் தொலைவே முன்னும் பின்னும் அசைந்தது. அசைவின் ஒவ்வோர் அடிக்கும் விலை உயிர்.

1915 ஏப்பிரல் 22ஆம் நாள், பெல்சியத்தின் ஈப்பர் நகரருகே செருமானியர் குளோரின் என்னும் நச்சுவளியை ஏவினர். இதையும் சிலர் "நச்சுக்காற்று வீசியது" என்று எழுதுவர். வீசவில்லை, வீசச் செய்தனர். ஆயிரக்கணக்கான உருளைகளை மண்ணில் புதைத்து, காற்று மாறும்வரை நாள்கணக்கில் காத்திருந்து, குழாய்களைத் திறந்துவிட்டனர். அவ்வேலையை மேற்பார்த்த வேதியலறிஞர் பிரிட்சு ஆபெர். 1918ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு, காற்றிலிருந்து அம்மோனியா ஆக்கியதற்காக, அவருக்கே வழங்கப்பட்டது. அன்று அந்நச்சுவளியை முதலில் மூச்சிழுத்தவருள், பிரெஞ்சுக்காரர் ஆண்ட அல்சீரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட படைப்பிரிவினரும் இருந்தனர். அந்தப் போரோடு அல்சீரிய உழவனுக்கு என்ன தொடர்பு?

அதே 1915 ஏப்பிரல் 25இல் துருக்கியின் கலிப்போலிக் கரையில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆத்திரேலியரும் நியூசிலாந்தினரும் இந்தியப் படைஞரும் இறக்கப்பட்டனர். ஏறத்தாழ எட்டுத் திங்கள் சாவுக்குப்பின், 1916 சனவரிக்குள் எல்லாரும் வந்த வழியே திரும்பினர்.

1916 பிப்ரவரி 21இல் வெர்தூன். பிரெஞ்சுப் படையின் குருதியை வடித்துவிடுவதே தம் நோக்கம் என்று செருமானியப் படைத்தலைவர் பால்கன்கைன் பின்னாளில் எழுதினார். பத்துத் திங்களில் இருபுறமும் ஏறத்தாழ மூன்று இலக்கம் பேர் மாண்டனர். எல்லைக்கோடு ஏறத்தாழத் தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றது. அவ்வாண்டு சூலை 1ஆம் நாள் சோம் ஆற்றங்கரையில் ஆங்கிலேயப் படை தாக்கியது. அந்த ஒரே நாளில் அப்படையில் 57,470 பேர் வீழ்ந்தனர். அவருள் மாண்டவர் 19,240. ஒரு நாளில்! சூரியன் எழுந்து மறைவதற்குள் ஒரு சிற்றூர்த்திரளே அழிந்தாற்போன்ற இழப்பு. மறுநாளேனும் நிறுத்தினரா? நவம்பர் 18 வரை நடத்தினர். இருபுறமும் சேர்த்துப் பத்து இலக்கத்திற்கு மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் போயினர். கிடைத்தது ஏறத்தாழ ஆறு கல் நிலம்.

முடிவு நாளையும் பாருங்கள். 1918 நவம்பர் 8இல் செருமானியத் தூதுக்குழு வந்து, பேச்சு நடக்கும்போதேனும் சுடுவதை நிறுத்துங்கள் என்று கேட்டது. பிரெஞ்சுப் படைத்தலைவர் போசு மறுத்தார். நவம்பர் 11 விடியற்காலையில் ஐந்து மணியளவில் ஒப்பந்தத்தில் கையெழுத்தாயிற்று. அது முற்பகல் பதினொரு மணிக்கே நடைமுறைக்கு வரும் என்றனர். கையெழுத்துக்கும் மணியடிப்புக்கும் இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் சில படைத்தலைவர்கள் தாக்குதலைத் தொடர்ந்தனர். அந்த ஒரு நாளில் மட்டும் இரண்டாயிரத்தைந்நூறு பேருக்கு மேல் மாண்டனர் என்று கணக்கிட்டுள்ளனர். போர் முடிந்துவிட்டது என்று தலைவனுக்குத் தெரியும், மாண்டவனுக்குத் தெரியாது. இதற்கும் "சூழ்நிலை" என்றே பெயர் வைப்பீர்களோ?

கேட்கப்படாதவர்கள்

இங்கிலாந்து போர் அறிவித்ததும், இந்தியாவும் போரில் இறங்கிவிட்டது என்று அரசப் பேராளர் ஆர்டிங்கு அறிவித்தார். எந்த மக்களைக் கேட்டார்? எந்த மன்றத்தைக் கூட்டினார்? ஒருவரையும் கேட்கவில்லை, அடிமையைக் கேட்டு எந்த ஆண்டையும் சண்டைக்குப் போவதில்லை. 1914 முதல் 1918 வரை பதின்மூன்று இலக்கத்திற்குக் குறையாத படைஞரும் தொழிலாளரும் இங்கிருந்து கடல் கடந்தோ கடமையேற்றோ அப்போருக்கு உழைத்தனர். 74,000 பேருக்கு மேல் மாண்டனர். அதற்கும் மேலாக 1917இல் பத்துக்கோடிப் பவுன், இந்தியாவின் 'அன்பளிப்பு' என்னும் பெயரில், இம்மக்களின் தலையில் கட்டப்பட்டது. உயிரைக் கொடுத்ததோடு அதற்கு வரியும் கட்டினோம்!

1914 அக்தோபரிலேயே இந்தியப் படைஞர் பெல்சிய அகழிகளில் நின்றனர்; குளிருக்கேற்ற உடை பலர்க்கு இன்னும் வந்து சேரவில்லை. 1915 மார்ச்சு 10இல் பிரான்சின் நெவ் சப்பெல் சிற்றூரைத் தாக்கிய படையில் ஏறத்தாழப் பாதி இந்தியர். மூன்றே நாளில் நாலாயிரத்திற்கு மேற்பட்டோர் வீழ்ந்தனர். 1916 ஏப்பிரல் 29இல் மெசபத்தோமியாவின் கூட்டு நகரில் ஆங்கிலேயப் படைத்தலைவர் துருக்கியரிடம் சரணடைந்தபோது சிறைப்பட்ட ஏறத்தாழ 13,000 பேரில் பெரும்பாலார் இந்தியர். அவருள் பல்லாயிரவர் பாலைவழியிலும் சிறைமுகாமிலும் மடிந்தனர்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் தாங்கா என்றொரு துறைமுகம். 1914 நவம்பர்த் தொடக்கத்தில் அதைப் பிடிக்க ஏறத்தாழ 8,000 பேர் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோகப்பட்டனர். அவருள் 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படை என்று நம் ஊரின் பெயரையே தாங்கிய பிரிவும் ஒன்று. போதிய பயிற்சியின்றி, நெடுநாள் கடற்செலவில் நோயுற்று, நிலத்தின் இயல்பும் அறியாமல் அவர்களை இறக்கிவிட்டனர். எதிரே செருமானியத் தலைவரின்கீழ் நின்றவர் ஏறத்தாழ ஆயிரவர். அவருட் பெரும்பாலார் ஆப்பிரிக்கர். தாக்கிய படை தோற்றுக் கப்பலேறியது. ஆங்கிலேய நூல்கள் சில அத்தோல்விக்கு இந்தியப் படைஞரின் கோழைமையைக் கரணியம் காட்டின. இப்போது எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் இங்கிலாந்துக்கு அடிமைப்பட்டவன். மறுபுறம் செருமனிக்கு அடிமைப்பட்டவன். இருவர்க்கும் இடையே பகையில்லை, எல்லையில்லை, ஒருவன் மொழி ஒருவனுக்குத் தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் கொன்றனர். சாரயேவோ எங்கே இருக்கிறது என்று இருவர்க்கும் தெரிந்திருக்குமா?

அக்களத்தில் சுமைதூக்கவென்று ஊர் ஊராகப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர் பல இலக்கம் பேர். நோயாலும் பசியாலும் அவருள் மாண்டோர் தொகை, ஆங்கிலேயர் பக்கத்தில் மட்டும் ஓரிலக்கத்தை எட்டும் என்று மதிப்பிடுகின்றனர்.

போர் நம் வாயிலுக்கும் வந்தது. 1914 செபுதம்பர் 22 இரவு, செருமானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தருகே வந்து நின்று, எண்ணெய்த் தொட்டிகளின்மேல் குண்டு பொழிந்துவிட்டுச் சென்றது. தொட்டிகள் எரிந்தன; சிலர் மாண்டனர்; மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு ஓடினர். நவம்பர் 9இல் ஆத்திரேலியக் கப்பல் ஒன்று கொகோசுத் தீவருகே எம்டனைச் சிதைத்தது. கப்பல் அழிந்தது, பெயர் நம் பேச்சில் நின்றுவிட்டது. இன்றும் சூழ்ச்சி வல்லவனை "அவன் பெரிய எம்டன்" என்கின்றோம். அந்தக் கப்பலின் பெயரை நினைவில் வைத்திருக்கும் நாம், அது எரித்த தொட்டிகள் யாருடையவை, அவற்றிற்காக மாண்டவர் யார் என்பதை மறந்துவிட்டோம். அடிமைக்கு நினைவும் ஆண்டையின் பக்கமே சாயும்.

உண்டவர் எவர்?

சிறு நாடுகளின் உரிமைக்காகவே போரிடுகின்றோம் என்று முழங்கினர். 1916 ஏப்பிரலில் அயர்லாந்து என்னும் சிறுநாடு தன் உரிமையைக் கேட்டு எழுந்தது. அதன் தலைவர்கள் பதினைவரை ஆங்கிலேயர் நிற்கவைத்துச் சுட்டனர். காயத்தால் நிற்க முடியாதிருந்த சேம்சு கொனோலியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டனர். பெல்சியத்திற்கு ஓர் உரிமை. அயர்லாந்துக்கு ஒரு நாற்காலி!

அந்த 1916ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அரபு நாடுகளைத் தமக்குள் பங்கிட்டுக் கமுக்க உடன்படிக்கை செய்துகொண்டனர். 1917 இறுதியில் உருசியப் புரட்சி அரசு அவ்வுடன்படிக்கைகளை வெளியிட்டபோதுதான், எதற்காக மாண்டோம் என்பது மாண்டவர்களின் மக்களுக்குத் தெரிந்தது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் ஒவ்வோரினமும் தன்னைத்தானே ஆளும் உரிமையைப் பேசினார். போலந்துக்கும் செக்கோசுலோவாக்கியாவுக்கும் அவ்வுரிமை கிடைத்தது. எகிப்தியர் கேட்டனர், அவர்தம் தலைவர் சாக்லூலை மால்டாத் தீவுக்கு நாடு கடத்தினர். கொரியர் 1919 மார்ச்சு 1இல் எழுந்தனர். சப்பானியர் சுட்டு ஒடுக்கினர். இனங்கள் யாவும் நிகர் என்னும் ஒரு வரியைப் புதிய உலக அவையின் அமைப்புச் சட்டத்தில் சேர்க்கவேண்டும் என்று அந்தச் சப்பானே முன்மொழிந்தது. பெரும்பாலோர் ஆதரித்தும், எல்லாரும் உடன்படவில்லை என்று சொல்லி வில்சன் அதனைத் தள்ளினார். செருமனியின் ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெறவில்லை. 'பொறுப்பாட்சி' என்னும் புதுப்பெயரில் ஆண்டையை மட்டும் மாற்றிக்கொண்டன.

இந்தியாவுக்குக் கிடைத்தது என்ன? 1918இல் காந்தியாரே குசராத்தின் ஊர்களில் ஆங்கிலேயப் படைக்கு ஆள்சேர்க்க நடந்தார். உதவி செய்தால் உரிமை வரும் என்று நம்பினார். 1919 மார்ச்சில் வந்தது இரௌலட்டுச் சட்டம். ஏப்பிரல் 13இல் வந்தது அமிர்தசரசுப் படுகொலை. அரசின் கணக்கிலேயே 379 பேர் மாண்டனர். சுட்ட படையினரும் இந்தியத் துணைக்கண்டத்தவரே, ஆணையிட்டவனே ஆங்கிலேயன். ஆண்டைக்கு உழைத்து உரிமை பெறலாம் என்று எண்ணுவோர் இந்த நாளை நெஞ்சில் எழுதிக்கொள்க.

வணிகர்தம் கணக்கையும் பார்த்துவிடுவோம். போர் முடிந்தபின் செருமனியின் குருப்பு நிறுவனம், தான் காப்புரிமை பெற்ற வெடிமுனையை ஆங்கிலேயரின் குண்டுகளில் பயன்படுத்தியதற்காக, இங்கிலாந்தின் விக்கர்சு நிறுவனத்திடம் உரிமைத்தொகை கேட்டது. செருமானியனைக் கொன்ற குண்டுக்குச் செருமானிய நிறுவனம் கூலி கேட்டது! நாட்டுப்பற்று அகழியில் கிடந்தவனுக்கு. ஆதாயம் ஆலை வைத்திருந்தவனுக்கு.

மூன்று வினாக்கள்

2021இல், போர்க்கல்லறைகளைப் பேணும் பொதுநல நாடுகளின் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆப்பிரிக்கரும் எகிப்தியரும் இந்தியருமாகக் குறைந்தது 1,16,000 பேர், முதல் உலகப்போரில் மாண்டும், பெயர் பொறிக்கப்படாமலோ நினைவே கொள்ளப்படாமலோ விடப்பட்டனர் என்று அது ஒப்புக்கொண்டது. அத்தொகை மூன்றரை இலக்கம் வரை இருக்கலாம் என்றும் சொன்னது. மூட்டியவனுக்கும் பெயரில்லை, மாண்டவனுக்கும் பெயரில்லை. "மூண்டது", "மாண்டனர்" என்னும் இரண்டு சொற்களில் கொலைஞனும் கொலையுண்டவனும் ஒருசேர மறைந்து போயினர்.

அன்பர்களே! இது ஏதோ நூறாண்டுக்கு முந்தைய ஐரோப்பியக் கதை என்று தாளைப் புரட்டிவிடாதீர்கள். போர்கள் இன்றும் மூட்டப்படுகின்றன; செய்தித்தாள்கள் இன்றும் "மூண்டது", "வெடித்தது" என்றே எழுதுகின்றன. "பதற்றம் நிலவுகிறது" என்பர். பதறச் செய்தவனைச் சொல்லார். "குண்டு விழுந்தது" என்பர், போட்டவனைச் சொல்லார். நம் தாய்மொழி பிறவினை என்னும் ஒரு கூர்ங்கருவியை நம் கையில் கொடுத்திருக்கின்றது. அதனைத் துருப்பிடிக்க விட்டுவிட்டு, எவனோ எழுதிக்கொடுத்த தன்வினையை ஒப்பிக்கின்றோம். சொல்லில் குற்றவாளியைத் தப்பவிடும் இனம், களத்திலும் தப்பவிடும்.

எனவே, இனி எந்தப் போர்ச்செய்தியைக் கேட்டாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். மூட்டியவன் எவன்? மாண்டவன் எவன்? உண்டவன் எவன்? இம்மூன்றுக்கும் ஒரே பெயர் விடையாக வருவதில்லை. அவ்வேறுபாட்டிலேயே போரின் மெய்வரலாறு அடங்கிக் கிடக்கின்றது. ஆசிரியராயிருப்பவர் வகுப்பில் கேளுங்கள், பெற்றோராயிருப்பவர் பிள்ளையின் பாடநூலைத் திறந்து "மூண்டது" என்ற இடத்தில் அடிக்கோடிட்டு, "யார்?" என்று பக்கத்தில் எழுதுங்கள்.

அந்த ஒரு வினாவுக்கு 1914இல் உலகத்து மக்கள் விடை கேட்டு நின்றிருந்தால், சோம் ஆற்றங்கரையில் அந்த 19,240 பேர் அன்று மாலை உணவுக்குத் திரும்பியிருப்பர். பாளையங்கோட்டைப் பெயர்கொண்ட படை தாங்காக் கரையைக் கண்டிருக்காது. கேட்காமல் விட்டதன் விலை அது. இனியும் கேட்காமல் விட்டால், விலை கொடுக்கப்போகிறவர்கள் மூட்டுகிறவர்கள் அல்லர், நாமே!